போட்டு வாறன் என்று சொல்லாமல்

முதல் அழைப்பு வந்தபோது நான் வேலைசெய்யும் அரசாங்கக் கந்தோரில் சனம் நிரம்பியிருந்தது. ஓகஸ்ட் மாத வெய்யில். காணிப் பத்திரத்தின் பிரதி கேட்டு வந்த ஒரு ஐயா என் மேசைக்கு முன்னால் நின்று, தன் தகப்பனாரின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்தது. வெளிநாட்டு இலக்கம், ஆனால் அண்ணையுடையது அல்ல. எடுத்தேன். ஒரு பெண் எனக்கு விளங்கவேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கதைத்தாள்.

அவள் நோர்வேயின் வடக்கே ஒரு சிறிய பட்டணத்தில், முதியோரைப் பராமரிக்கும் இல்லத்தில் தாதி. அண்ணையை அங்கே கொண்டுவந்து மூன்று கிழமை ஆகிறதாம். அவருக்கு இரண்டாம் முறை பாரிசவாதம் வந்ததும், ஆஸ்பத்திரியில் கிடந்ததும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு தடவை போன் எடுத்துத் தந்தார்கள். இரண்டு தடவையும் அவருடைய மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"உங்கள் அண்ணன் எங்களோடு பேசுவதில்லை," என்றாள் அந்தத் தாதி. "இல்லை, பேசுகிறார். ஆனால் எங்கள் மொழியில் இல்லை. இத்தனை வருடம் பேசிய மொழி அவரிடமிருந்து போய்விட்டது. இப்படி நடப்பதுண்டு என்று டொக்டர் சொல்கிறார். இப்போது அவர் பேசுவது உங்கள் மொழி என்று நினைக்கிறோம். அவர் சாப்பிட மறுக்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பாரா?"

நான் அந்த ஐயாவைப் பார்த்து, "ஐயா, ஒரு அஞ்சு நிமிசம் இருங்கோ, வாறன்," என்று சொல்லிவிட்டு, சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் பக்கத்து விறாந்தைக்கு ஓடினேன். போனில் படம் தெளிந்தது. வெள்ளைத் தலையணை. அதில் அண்ணை. சவரம் செய்யாத முகம். வாயின் ஒரு பக்கம் கீழே இழுபட்டுக் கிடந்தது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வந்திட்டியோ?" என்றார்.

"ஓம் அண்ணை. வந்திட்டன்," என்றேன். "சாப்பிடுங்கோ."

அரைக் கோப்பை கஞ்சி சாப்பிட்டார். அவர்களுடைய ஓட்ஸ் கஞ்சி. அடுத்த நாளும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. அவர்களுக்குக் காலை எட்டு மணி, எனக்குப் பதினொன்றரை. அதற்குப் பிறகு அந்தப் பதினொன்றரையைச் சுற்றித்தான் என் நாள் ஓடியது.

அண்ணை என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அவர் நாட்டை விட்டுப் போனார். முதலில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை, பிறகு நீண்ட காலம் பஸ் ஓட்டினார். கலியாணம் செய்யவில்லை. அந்த நாட்டுப் பெண் ஒருவரோடு சில வருடங்கள் இருந்தார் என்று மற்றவர்கள் சொல்லிக் கேள்வி. அதைப்பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் கதைத்ததில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பட்டணத்தில் இருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளின் படிப்புக்காகத் தெற்கே ஒஸ்லோவுக்குப் போய்விட்டன. அவர் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இஞ்சை ரோட்டு எனக்குப் பழகிப் போச்சு," என்றார். நாங்கள் பிறந்த குடும்பத்தில் இப்போது மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேரும்தான்.

ஆகவே அந்த இல்லத்தின் பதிவில் 'நெருங்கிய உறவு' என்ற இடத்தில் என் பெயர் ஏறியது. எத்தனையோ பேருக்கு இதே மாதிரிப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். என் பெயர் இப்படி ஒரு படிவத்தில் ஏறி, அதற்காக நான் விடைசொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

அந்தத் தாதியை நான் மனதுக்குள் மிஸ்ஸி என்றுதான் அழைத்தேன். எங்கள் ஆஸ்பத்திரிகளில் அப்படித்தானே கூப்பிடுவோம். இரண்டாம் கிழமை மிஸ்ஸி ஒரு யோசனை சொன்னாள். அவசியமான சில தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினால் சுவரில் ஒட்டிவைப்பார்களாம். அன்று பின்னேரம் பஸ்ஸில் இருந்தே எழுதினேன். கந்தோர் இருக்கும் கரவெட்டியில் இருந்து உடுவிலில் உள்ள வீட்டுக்கு வர எனக்கு இரண்டு பஸ் மாறவேண்டும்; நேரத்துக்குக் குறைவில்லை. சாப்பாடு, தண்ணி, நோகுதோ, குளிருதோ, எழும்புங்கோ, கை, கால், ஓம், இல்லை. பதினெட்டுச் சொற்கள் வந்தன. எதிரே அவர்களுக்கு விளங்கும் கருத்து. என் மகளின் முதல் பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போட்டபோதுகூட நான் அவ்வளவு கவனம் எடுத்ததில்லை.

மிஸ்ஸி அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அண்ணையின் கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. நான் அவ்வளவு தூரத்தில் ஏதோ செய்துவிட்டேன் என்று அன்று மட்டும் கொஞ்சம் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

மற்ற நாட்களில் நிம்மதி இல்லை. காலை பத்து மணியில் இருந்தே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவேன். போனில் சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பேன். கந்தோரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்த சைக்கிள் விறாந்தையின் மூலையில்தான். அங்கே வேறு யாராவது நின்று போன் கதைத்தால் பக்கத்தில் போய் நின்று செருமுவேன். பக்கத்து மேசைப் பிள்ளை நல்லவள். பதினொன்று இருபத்தைந்துக்கு அவளாகவே, "அக்கா, நீங்கள் போங்கோ, நான் பாக்கிறன்," என்பாள். திரும்பி வந்தாலும் வேலை ஓடாது. அரைக் கோப்பை சாப்பிட்டாரா, கால் கோப்பையா, என்னை அடையாளம் கண்டாரா, கையை ஏன் அப்படி ஆட்டினார் என்று மனம் அங்கேயே நிற்கும். சனத்துக்கு எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் திகதியைப் பிழையாக எழுதுவேன். வீட்டில் அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு முற்றத்தில் நிற்பேன்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் மிஸ்ஸியின் முகம் களைத்துப் போயிருந்தது. "உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்," என்றாள். "பத்து நாளாக இரவில் அவர் தண்ணி, தண்ணி என்று சத்தம் போடுகிறார். உங்கள் பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறது. நாங்கள் தண்ணீர் கொடுக்கிறோம். அவர் கோப்பையைத் தட்டிவிடுகிறார். திரும்பக் கொடுத்தால் இன்னும் கோபப்படுகிறார். நேற்று அமைதியாக இருக்க மாத்திரை கொடுக்கவேண்டி வந்தது."

போனை அண்ணையின் பக்கம் திருப்பினாள். அவர் தலையணையில் சாய்ந்திருக்கவில்லை. முன்னுக்கு வளைந்து, நல்ல கையால் போர்வையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, தண்ணி குடிக்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. சின்ன வயதில் நான் ஏதாவது மடத்தனமாகச் செய்தால் அப்படித்தான் பார்ப்பார்.

"விசரி," என்றார். "தண்ணி மாறு எண்டுறன். பாத்தி நிரம்பிட்டுது. வரம்பு உடைக்கப் போகுது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு நடக்கும்போது ஐயா, எங்கள் தகப்பனார், கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெசினோடு நிற்பார். தண்ணீர் வாய்க்காலால் வந்து ஒரு பாத்தியை நிரப்பும். அது நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிடவேண்டும். அதைத்தான் தண்ணி மாறுவது என்போம். பள்ளிக்கூடம் போகமுன் அண்ணைக்கு அதுதான் வேலை. கொஞ்சம் பராக்குப் பார்த்தாலும் வரம்பு உடைந்து நட்ட வெங்காயம் மிதக்கும். ஐயாவிடம் ஏச்சு விழும். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது வந்தபோது கடைசி இரண்டு நிரையை என்னிடம் விட்டுவிட்டு அவர் வரம்பில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். மண்வெட்டி என் உயரம்.

"மாறிட்டன் அண்ணை," என்றேன். "இப்ப அடுத்த பாத்திக்குப் போகுது."

"ஓடுதோ?"

"ஓடுது."

"அங்காலைப் பக்கம் பார். அது பள்ளம்."

"பாக்கிறன். நீங்கள் சாயுங்கோ."

அவர் சாய்ந்தார். சுரண்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மிஸ்ஸி, "அவருக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்டாள். கந்தோர் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு வெங்காயத் தோட்டத்தை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் தோட்டத்தில் நிற்கிறார், தண்ணீர் வழிகிறது, யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும் என்று பயப்படுகிறார் என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எப்படிச் சொல்வது?" என்றாள். "தண்ணி சரி" என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள். அடுத்த நாளில் இருந்து அவர் சத்தம் போட்டால் அங்கே வேலைசெய்யும் எல்லோரும் "தண்ணி சரி, தண்ணி சரி" என்றார்களாம். அனேகமாக அது வேலை செய்தது.

ஆனால் அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் என்னால் இருக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர் என்று எழுதிக்கொடுத்தது நான்தான். அந்த ஒரு சொல்லை நம்பி, பத்து நாளாக ஒரு மனிதரின் வாயில் வேண்டாத தண்ணீரைத் திணித்திருக்கிறார்கள். மிச்சப் பதினேழு சொற்களில் எது எதைச் செய்துகொண்டிருக்கிறதோ என்று வீடு வரும்வரை ஒவ்வொன்றாக யோசித்தேன்.

ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருந்தேன். என் கணவர் சுன்னாகம் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்து குசினி மேசையில் வைத்தார். பதினொன்றரை ஆனது. போன் வரவில்லை. பதினொன்று நாற்பது. நான் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தேன். அதேதான்.

கூட்டின முற்றத்தைத் திரும்பக் கூட்டினேன். வாளியில் இருந்த தண்ணீரைத் தேமா மரத்துக்கு ஊற்றினேன். கணவர் விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இருமன் ஒரு இடத்திலை," என்றார். "ஏதும் வேலையா இருப்பினம்."

"எண்பது நாளா ஒருநாளும் பிந்தேல்லை," என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவருடைய படங்களில் எது நல்லது என்று பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் வந்தபோது கீரிமலையில் எடுத்த படம், நீல சேட்டு, சிரித்தபடி. அதைப் பெருப்பிக்கலாம் என்று தனியாக எடுத்துவைத்தேன். யாருக்கு முதலில் சொல்வது என்றும் யோசித்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. மிஸ்ஸி சிரித்த முகத்தோடு, "குட் மோர்னிங்" என்றாள்.

"ஒரு மணித்தியாலம்! எங்கே போனீர்கள்?" என்று நான் கத்தினேன். அப்படி யாரிடமும் கத்துகிற ஆள் இல்லை நான்.

அவள் திகைத்துப் போய், சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்தினாள். நேற்றிரவு அந்த நாட்டில் எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிட்டார்களாம். குளிர்காலத்துக்கு அப்படித்தானாம். இனி எட்டு மணி என்றால் எனக்குப் பன்னிரண்டரை. அவள் மன்னிப்புக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. அண்ணை என்னைப் பார்த்து, "ஏன் அழுறாய்? அடிச்சவரோ?" என்றார். ஐயா அடித்தாரா என்று கேட்கிறார். "இல்லை அண்ணை," என்றேன். அந்தப் படத்தைக் கணவர் காணமுன் அலுமாரியில் திரும்ப வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான் நேரே போய்ப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் பிடித்தது. விசாப் படிவத்தை எடுத்தேன். கொழும்புக்குப் போகவேண்டும், விரல் அடையாளம் கொடுக்கவேண்டும், கந்தோரில் விடுமுறைக் கடிதம், வங்கிக் கடிதம், இல்லத்தின் கடிதம். மிஸ்ஸி அவர்களுடைய கடிதத்தை இரண்டு நாளில் அனுப்பினாள். டிசம்பர் முடிவதற்குள் எல்லாக் கடதாசியும் ஒரு கோப்பில் சேர்ந்துவிட்டது. திகதி மட்டும் குறிக்கவில்லை. மழை குறையட்டும் என்றேன். பிறகு வருடக் கணக்கு முடியட்டும் என்றேன். நான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று கணவருக்குத் தெரியும் என நினைக்கிறேன்.

ஜனவரியில் ஒருநாள் மிஸ்ஸி அண்ணை இல்லாத நேரம் பார்த்துத் தனியாகப் போன் எடுத்தாள். பின்னேரம், நான் வீட்டில் இருந்தேன்.

"நான் சொல்வதைத் தவறாக நினைக்கவேண்டாம்," என்றாள். "நீங்கள் கதைத்து முடிந்ததும் அவர் சப்பாத்துக் கேட்கிறார். கையால் காட்டுகிறார். ஜாக்கெட்டைப் போடச் சொல்கிறார். பிறகு தள்ளுகோலைப் பிடித்து நடந்து வாசல் கதவுக்குப் போய், அங்கே இருக்கும் கதிரையில் உட்காருகிறார். மூன்று நாலு மணித்தியாலம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. இப்படி ஒரு மாதமாக நடக்கிறது. இன்று சாமான் கொண்டுவந்தவர் கதவைத் திறந்தபோது வெளியே போய்விட்டார். பனியில் வீட்டுச் செருப்போடு நின்றார். உடனே கண்டுவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை."

நான் விறாந்தைப் படியில் இருந்தேன்.

"ஒன்று கேட்கட்டுமா?" என்றாள் மிஸ்ஸி. "முடிக்கும்போது நீங்கள் எப்போதும் ஒரே சொல்லைச் சொல்கிறீர்கள். அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார். அதற்குப் பிறகுதான் சப்பாத்துக் கேட்கிறார். அது என்ன?"

"போட்டு வாறன்," என்றேன்.

"அதன் கருத்து?"

குட் பை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள். பக்கத்துக் கடைக்குப் போனாலும், கடல் கடந்து போனாலும், போட்டு வாறன் என்றுதான் சொல்லவேண்டும். அண்ணையும் நாட்டை விட்டுப் போன அன்று அதைத்தான் சொன்னார். வாயில் வருகிற பழக்கம் அது. அதன் கருத்தை யாரும் நினைப்பதில்லை.

"போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று கருத்து," என்றேன்.

மிஸ்ஸி அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, "அப்படியென்றால் அவர் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறார்," என்றாள்.

சில நாட்களுக்கு அழைப்பைக் குறைத்துப் பார்க்கலாம், கிழமைக்கு ஒருமுறை போதுமா என்று யோசியுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். யோசிக்கிறேன் என்று போனை வைத்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்தேன். கணவர் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அப்ப நான் என்ன சொல்லிறது? போறன் எண்டு சொல்லச் சொல்லுறியளோ? இந்த நிலைமையிலை கிடக்கிற மனுசனுக்கு அதை என்ரை வாயாலை சொல்லுறதோ?"

"ஒண்டும் சொல்லாதையும்," என்றார் அவர். "பிள்ளையை நேர்சரியிலை விட்டது ஞாபகம் இல்லையோ? விளையாடிக்கொண்டிருக்கேக்கை நீர் மெல்ல எழும்பி வருவீர். சொல்லிப்போட்டு வந்த நாளிலைதான் அவள் குழறினவள்."

அதையே மிஸ்ஸியிடம் சொன்னேன். அவளுக்கும் சரியாகப் பட்டது. அடுத்த நாள், அண்ணை கஞ்சியை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தபோது அவள் எனக்கு விரலால் சைகை காட்டினாள். நான் பேசுவதை நிறுத்தினேன். அவள் போனை மெல்ல மெல்ல ஒரு பக்கம் திருப்பினாள். அண்ணையின் காது, பிறகு யன்னல், வெளியே இருட்டான காலை, பிறகு ஒன்றுமில்லை. அண்ணை அப்போதும் மென்றுகொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயதில், அண்ணைக்குக் கள்ளம் செய்துவிட்டுச் சைக்கிள் விறாந்தையில் நின்றேன்.

அவர் அன்று கதவடிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. விசாக் கோப்பை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். போனால் பத்து நாள் நிற்கலாம். பதினோராம் நாள் அந்தக் கதவால்தான் நானும் வெளியே வரவேண்டும். அதை நினைக்க முடியவில்லை. அது அவருக்காக எடுத்த முடிவாகவும் இருக்கலாம், என் பயத்துக்கு நான் கண்டுபிடித்த சாட்டாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டு விஷயம் தற்செயலாகத்தான் சரிவந்தது. பெப்ரவரியில் ஒருநாள் கந்தோரில் கூட்டம் முடிய நேரமாகி, காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்தேன். போன் வந்தபோதே சாப்பாட்டுப் பார்சலை மடியில் விரித்துவிட்டேன். அண்ணை வழக்கம்போல வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். நான் ஒரு வாய் வைத்ததும் அவர் கண் என் கையில் நின்றது.

"என்ன கறி?" என்றார்.

"கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும்."

"மீன் இல்லையோ?"

"வெள்ளிக்கிழமை அண்ணை."

"ஓ," என்றார். மிஸ்ஸி கரண்டியை நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். நான் ஒரு வாய், அவர் ஒரு வாய். கோப்பை முழுதும் முடிந்தது. ஆறு மாதமாக நான் கெஞ்சியும், அதட்டியும், கதை சொல்லியும் அரைக் கோப்பையைத் தாண்டியதில்லை. அவருக்கு முன்னால் இருந்து சாப்பிட்டால் போதும். அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றாகவே சாப்பிட்டோம். என்ன கறி என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். மீன் என்றால் என்ன மீன் என்பார்.

என்றாலும் என் மனம் ஆறவில்லை. இப்போது வேறு ஒரு பயம் வந்தது. நான் இல்லாவிட்டால் இவர் சாப்பிடமாட்டார். பஸ் பிரண்டால், எனக்கு ஏதும் வந்தால், யார் இவருக்கு முன்னால் இருந்து சாப்பிடுவது?

எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. பெப்ரவரி கடைசியில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, பன்னிரண்டு மணியாகமுன்பே போனைத் தேடினேன். கணவர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உதுக்கு நான் இருக்கிறன். நீர் படும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பின்னேரம் வந்தவரிடம், "அண்ணை சாப்பிட்டவரோ?" என்று கேட்டேன். "ஓம்," என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளும் "ஓம்". எனக்கு நம்பிக்கை இல்லை. என்னைக் கலக்கக்கூடாது என்று பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரும் அண்ணையும் எங்கள் கலியாணத்துக்குப் பிறகு மூன்று தடவைதான் நேரில் கண்டிருக்கிறார்கள். ஒரு தடவை தேர்தலைப் பற்றிக் கதைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து அறையில் படுத்தேன். பன்னிரண்டரைக்குக் குசினிக்குப் பக்கத்து மேசையில் போன் அடித்தது. கோப்பை வைக்கும் சத்தம், கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது.

"வணக்கம் அத்தான்," என்றார் என் கணவர்.

அண்ணையின் குரல் கரகரத்து வந்தது. "என்ன மீன்?"

"விளைமீன், அத்தான். இண்டைக்கும் நான்தான் சமைச்சனான். உப்புக் கூடிப் போச்சு."

அண்ணை சிரித்தார். இத்தனை மாதத்தில் அவர் சிரித்ததை நான் கேட்கவில்லை. என்னிடம் அவர் சிரித்ததே இல்லை.

"புளி விடும்," என்றார் அண்ணை.

"விட்டனான். புளியும் கூடிப் போச்சு."

மறுபடி சிரிப்பு. மிஸ்ஸியும் என்ன என்று தெரியாமலே கூடச் சிரித்தாள். நான் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசப்படவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வந்தது சந்தோசம் இல்லை. என்னுடைய இடத்தில் வேறு ஒருவர் இருக்கிறார், அது நன்றாகவே நடக்கிறது என்ற ஒரு எரிச்சல். கணவர் மீது எரிச்சல், அண்ணை மீதும் எரிச்சல். இவ்வளவு நாளும் ஓடியது யாருடைய தேவைக்கு என்றும் ஒரு கேள்வி எழுந்தது. அதை மேலே யோசிக்கப் பிடிக்கவில்லை. படுத்திருக்கவும் முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தேன். தலை சுற்றியது. மெல்ல நடந்துபோய்க் கணவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு என் கணவரிடம் கேட்டார்.

"உது ஆர்?"

என் கணவர் ஒருகணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, "உங்கடை தங்கச்சி, அத்தான். காய்ச்சலிலை கிடந்து எழும்பி வந்திருக்கிறா," என்றார்.

அண்ணை நீண்ட நேரம் பார்த்தார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

"ஓம்," என்றார் கடைசியில். "மெலிஞ்சு போனாள். அவளுக்குச் சோறு போடும்."

கணவர் எழுந்து குசினிக்குள் போய் ஒரு கோப்பையில் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். உப்பு உண்மையிலேயே கூடித்தான் இருந்தது. நான் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அங்கே மிஸ்ஸி அடுத்த கரண்டியை நீட்டினாள். அண்ணை வாயைத் திறந்தார்.